என் வீட்டுக்காரரை அச்சடிங்க

கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே கிளியை அச்சடிக்கப் போனார்.

பிரிண்டர் விற்கிற எல்லாக் கடையிலும் ஒரு கிளி இருக்கிறது. சிவப்பு மூக்கு, பச்சை இறக்கை, பின்னால் பளிச்சென்று நீல வானம். எந்த பிரிண்டரில் போட்டாலும் அந்தக் கிளி அழகாகத்தான் வரும். அழகாக வராத கிளியை ஆண்டவன் இன்னும் படைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பாஸ்போர்ட் படமும் பள்ளிக்கூட வகுப்புப் படமும் எடுத்துப் பிழைக்கிற ஒருத்தியிடம் கிளியைக் காட்டிக் காரியம் சாதிக்க முடியுமா?

"கிளி வேணாங்க," என்றாள் படக்காரி. கைப்பையைத் துழாவிப் பென்டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "என் வீட்டுக்காரரை அச்சடிங்க."

கடைக்காரர் கழுத்து டையைச் சரிசெய்துகொண்டு அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு படத்தைத் திறந்து பார்த்தார். கறுத்த முகம், கருநீலச் சட்டை, முதுகுக்குப் பின்னால் விளக்குப் போடாத பேருந்தின் உள்பக்கம். ஓட்டுநரான அவள் கணவர் வாசற்படியில் நின்று யாரையோ பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார். வெளிச்சம் என்று சொல்லிக்கொள்ள ஒரு பக்கத்துக் கன்னத்தில் கொஞ்சம், பல்லில் கொஞ்சம், அவ்வளவுதான்.

"மேடம், இது கொஞ்சம் கஷ்டமான படமாச்சே," என்றார்.

"அதனாலதான் கொண்டு வந்தேன்."

ஓட்டுநரின் சட்டைக் கழுத்து எங்கே முடிகிறது, அவருடைய கழுத்து எங்கே தொடங்குகிறது, பின்னால் இருக்கிற இருக்கையின் விளிம்பு எது, இந்த மூன்றையும் காகிதத்தில் பிரித்துக் காட்டிவிட்டால் அந்த பிரிண்டர் தேறியது என்று அர்த்தம். மூன்றும் ஒரே கறுப்புக் குழம்பாகிப் போனால் அதைக் கிளிக்கே விட்டுவிட வேண்டியதுதான். இதுதான் அவள் வைத்திருந்த பரீட்சை.

இப்படி ஒரு பரீட்சை வைத்துக்கொண்டு அவள் கடை கடையாக ஏறி இறங்கியதற்குக் காரணம் சக்கரம்.

சக்கரம் என்பது ஆளின் பெயர் அல்ல, ஆனால் பணிமனையில் வேறு பெயர் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. படக்காரியின் கணவர் ஓட்டுகிற பேருந்து உட்பட நூற்றுச் சொச்சம் பேருந்துக்கும் டயர் மாற்றுவது அவர்தான். ஐம்பத்தைந்து வயது. பணிமனையிலேயே கறுத்த மேனி, பணிமனையிலேயே பெரிய கை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் மேலாளர் சொன்னதைவிட எடுபடும். ஓட்டுநர், நடத்துநர், மெக்கானிக், பேருந்து கழுவுகிற அம்மா என்று இருபத்தாறு பேரை அவரவர் வேலை செய்கிற இடத்திலேயே நிற்கவைத்து ஒரு வருஷமாகப் படக்காரி படம் எடுத்திருந்தாள். பாஸ்போர்ட் படத்துக்கு அப்பாலும் தனக்குக் கண் இருக்கிறது என்று அவளுக்கே நிரூபித்துக்கொள்ளத்தான் அதைத் தொடங்கினாள். எடுக்க எடுக்க அந்த முகங்கள்மேல் ஆசை வந்துவிட்டது. பொது நூலகத்தில் ஒரு நீளச் சுவரை ஒரு மாதத்துக்கு அவளுக்குக் கொடுக்கவும் சம்மதித்தார்கள். பதினெட்டாம் தேதி மாட்ட வேண்டும், தவறினால் சுவர் தபால்தலை சேகரிப்போர் சங்கத்துக்குப் போய்விடும் என்று நூலகர் கறாராகச் சொல்லியிருந்தார்.

சக்கரம் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார். "நமக்கும் கேமராவுக்கும் ஆகாது தங்கச்சி," என்றார். படக்காரி மூன்று மாதம் விடாமல் கேட்டு, டீ வாங்கிக் கொடுத்து, டயர் கொட்டகையில் அவரை நிற்கவைத்து ஒரே ஒரு படம் எடுத்தாள். அவள் எடுத்ததிலேயே அதுதான் மிக நல்ல படம். அது அவளுக்கு எடுத்த அந்த நிமிஷமே தெரிந்தது.

அதை வழக்கமான லேபில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டாள். முகத்தைத் தொடாதீர்கள் என்று உறைமேல் கொட்டை எழுத்தில் எழுதியும் கொடுத்தாள். லேபில் உள்ளவர்களுக்குக் கை அரிக்குமோ என்னவோ, படம் வந்தபோது சக்கரம் மாநிறத்துக்குத் தாவியிருந்தார். அவள் அதைக் கவனிக்காமல் இல்லை. பரவாயில்லை, சந்தோஷப்படுவார் என்று நினைத்துக் கொண்டுபோய்க் காட்டினாள். அதுதான் தப்பாகப் போயிற்று.

சக்கரம் படத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார். "ஆளு நல்லாத்தான் இருக்கான். யாரு இவன்?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "உள்ளபடி போட்டா நல்லா இருக்காதுன்னுதானே தங்கச்சி வெள்ளை அடிச்சிருக்கீங்க? விடுங்க. என் படம் வேணாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சமாதானமாகச் சொன்னார், அவளுக்கே ஆறுதல் சொல்கிற மாதிரி. படக்காரிக்கு வெட்கத்தில் காது மடல் சுட்டது. போதாததற்கு, சக்கரம் இல்லையென்றால் எங்கள் படமும் வேண்டாம் என்று மெக்கானிக்குகள் ஒதுங்கினார்கள், நடத்துநர்கள் அவர்கள் பின்னால் போனார்கள். "அண்ணே, இன்னொரு தடவை, நானே என் கையால பிரிண்ட் போட்டுக் காட்டுறேன். அதுவும் நீங்க இல்லேன்னு தோணிச்சுன்னா எல்லாத்தையும் எடுத்துடறேன்," என்று கேட்டுக் கெஞ்சி ஒரு வாய்ப்பு வாங்கினாள். ஒரே ஒரு வாய்ப்பு. அதற்கு ஒரு பிரிண்டர் வேண்டும். வாங்கினால் சேமிப்பு முழுவதும் அதற்கே போய்விடும், ஆகவே தப்பான பிரிண்டரை வாங்கிவிட்டு இன்னொன்று வாங்குகிற பேச்சுக்கே இடமில்லை. நூலகச் சுவருக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

கிளி காட்டின அந்த டைக்காரரின் கடையில் முதலில் வந்த படத்தில் ஓட்டுநர் ஆரஞ்சுப் பழ நிறத்தில் இருந்தார். "இது என்னங்க, வெயில்ல வெச்ச மாதிரி?" என்று கேட்டாள். டைக்காரர் தேடிப் பார்த்தார். 'முகத்தை அழகாக்கு' என்று ஒரு வசதி தானாகவே வேலை செய்துகொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். இந்த முறை பிரிண்டரின் எட்டு நிற மையும் சேர்ந்து ஒரு பளபளப்பான படத்தைக் கொடுத்தன. முகம் தெளிவு, பல் வெளுப்பு, சட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே கோடு தெரிந்தது. படக்காரிக்குப் பிடித்துவிட்டது.

"சார் சினிமாவுல நடிக்கலாம் மேடம்," என்றார் டைக்காரர்.

"வேணாங்க, பஸ்ஸே தாமதமாத்தான் வருது."

ஒரு பிரிண்டைக் கடை முகப்பில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். புகழ்ச்சிக்கு மயங்காதவர் யார்? சரி என்று சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் மத்தியானமே கணவர் வேலையிலிருந்து வரும்போது ஒரு மாதிரியாக வந்தார்.

"இன்னிக்கு ஒரு அம்மா ஏறினாங்க. டிக்கெட் எடுக்கல, காசு கொடுக்கல, என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னாங்க. 'நீங்க கிளிக்குப் பக்கத்துல இருக்கறவர்தானே'ன்னு கேட்டாங்க. எனக்குத் தலைகால் புரியல. என்ன பண்ணி வெச்சிருக்க நீ?"

இரண்டாவது கடை அலுவலகங்களுக்குச் சப்ளை செய்கிற கடை. அங்கே இருந்த பிரிண்டர் ஒரு அலமாரி அளவு இருந்தது. பக்கவாட்டில் மைத்தொட்டிகள். ஒரு தடவை ஊற்றினால் ஒரு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றார்கள். ஓட்டுநரைப் போட்டார்கள். நாற்பது விநாடியில் வெளியே வந்தார், பித்தம் தலைக்கேறிய பச்சை நிறத்தில். கறுப்பையும் சாம்பலையும் நாலே மையைக் கலந்து உண்டாக்கினால் அப்படித்தான் பச்சையோ ஊதாவோ எட்டிப்பார்க்கும். படக்காரி அந்தப் படத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள். கணவர் உடம்பு சரியில்லாமல் படுத்துக்கிடக்கும் படத்தைப் பிறத்தியார் கடையில் விட்டுவர அவளுக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது கடையைக் கண்டுபிடித்தது கொழுந்தன். கணவரின் தம்பி, கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை. வீடியோ பார்த்தே விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம் என்று நம்புகிறவன். ஒரு வாரமாகப் பிரிண்டர் வீடியோவாகப் பார்த்துத் தள்ளியிருந்தான்.

"அண்ணி, சாய மை வாங்காதீங்க. நிறமி மைதான். சாயம் காகிதத்துக்குள்ள ஊறிடும், பாக்கப் பளபளன்னு இருக்கும், சுவத்துல மாட்டினா கொஞ்ச வருஷத்துல வெளுத்துடும். நிறமின்னா பொடி. காகிதத்து மேல உக்காந்துக்கும். நூறு வருஷம் அப்படியே நிக்கும்."

"நூறு வருஷம் என் மூஞ்சிய யாருடா பாக்கப் போறா?" என்றார் கணவர்.

"உன்னைச் சொல்லலண்ணா, பொதுவாச் சொல்றேன்."

அந்தக் கடை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. பலகைகூடச் சரியாக இல்லை. உள்ளே ஒரு அம்மாள், மெலிந்த தேகம், கையில் வெள்ளைப் பருத்தி உறை. வாங்க என்றுகூடச் சொல்லாமல் "என்ன காகிதம்?" என்று கேட்டாள். படக்காரி இதற்குமுன் இந்தக் கேள்வியை எந்தக் கடையிலும் கேட்டதில்லை. அலமாரியைத் திறந்தால் பதினாறு வகை இருந்தது. பருத்தியில் செய்தது, பட்டுபோல் மினுக்குவது, தொட்டால் சுவர்போல் சொரசொரப்பது. அந்த அம்மாள் படத்தைத் திரையில் பார்க்கும்போது மூச்சுவிடாமல் பார்த்தாள். பிறகு மினுக்கம் குறைந்த, தடித்த ஒரு தாளை எடுத்து, அந்தத் தாளில் நிறம் எப்படி விழும் என்று சொல்கிற கணினிக் கோப்பைத் தேர்ந்தெடுத்து பிரிண்டரை ஓடவிட்டாள். பத்து மை. அதில் கறுப்பே இரண்டு வகை, சாம்பல் இரண்டு வகை. அவசரமே படாத பிரிண்டர். மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஓட்டுநர் தலையிலிருந்து மெல்ல மெல்ல இறங்கி வந்தார்.

படக்காரி படத்தைப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"இருட்டா இருக்கே."

"உங்க படத்துல இருக்கறது இதுதான்," என்றாள் கடைக்கார அம்மாள். "நான் ஒண்ணும் சேக்கல, ஒண்ணும் எடுக்கல."

"என் படம் இப்படி இருக்காதுங்க. நான் தினமும் பாக்கறேன்."

"அப்ப எடுத்துட்டுப் போய் வெச்சுப் பாருங்க," என்றாள் அந்த அம்மாள், சண்டைக்கும் நிற்காமல் சமாதானத்துக்கும் வராமல். விற்றால் விற்கட்டும், விற்காவிட்டால் போகட்டும் என்று இருக்கிற கடைக்காரர்களைப் பார்த்தால் படக்காரிக்கு ஆகாது. மாடிப்படி இறங்கும்போதே கொழுந்தனிடம், "வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல," என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. ஒரு பக்கம் வெள்ளைத் திரைச்சீலை, குடை விளக்கு, முக்காலி. இன்னொரு பக்கம் கம்ப்யூட்டர். தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். அந்த ஜன்னலை ஒட்டின சுவரில் ஒரு கயிறு கட்டி, கடை கடையாக வாங்கி வந்த கணவர்களையெல்லாம் துணி உலர்த்துகிற மாதிரி கிளிப் போட்டு மாட்டியிருந்தாள். ஆரஞ்சு, பளபளப்பு, பித்தப் பச்சை, கடைசியில் அந்த இருட்டு. அமைப்பை மாற்றி, காகிதம் மாற்றிப் போட்டதெல்லாம் சேர்த்து மொத்தம் ஏழு பேர் தொங்கினார்கள். மூன்று நாள் அவள் செய்த வேலை இதுதான்: திரையைப் பார்ப்பாள், கயிற்றைப் பார்ப்பாள், மறுபடி திரையைப் பார்ப்பாள்.

திரையோடு அச்சாக ஒத்துப்போனது டைக்காரரின் பளபளப்புப் படம். இருட்டுப் படம் பக்கத்திலேயே வரவில்லை.

"அண்ணி, நல்லா யோசிங்க," என்றான் கொழுந்தன். "எல்லா வீடியோவுலயும் நிறமிதான்."

"வீடியோவுல உங்கண்ணன் மூஞ்சி வந்துச்சாடா? என் கண்ணுக்கு முன்னாடி இருக்கறதைத்தானே நான் நம்பணும்?"

படக்காரி டைக்காரருக்குப் போன் செய்து, நாளைக் காலையில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகும் மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. சக்கரத்தின் படத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நன்றாகத்தான் இருந்தது. இன்னும் பதினோரு நாள்.

நாலரை மணிக்குக் கணவர் வேலை முடிந்து வந்தார். எப்போதும்போல் ஜன்னலடியில் இருந்த பெஞ்சில், கயிற்றுக்கு நேர் கீழே உட்கார்ந்து ஷூவின் முடிச்சை அவிழ்த்தார். "இன்னிக்கு மூணு பேர் கிளி கிளின்னு கூப்பிட்டாங்க. ஒருத்தன் செல்ஃபி எடுத்துக்கிட்டான்," என்றார். என்ன பதில் சொல்லலாம் என்று சிரித்துக்கொண்டே படக்காரி திரும்பினாள்.

திரும்பினவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் ஏழு கணவர்கள் தொங்கினார்கள், எட்டாவது கணவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஏழில் ஆறு பேர் யாரோ. கடைசியில் தொங்கியவர் மட்டும் அவர்.

"அசையாதீங்க!" என்று கத்தினாள்.

"என்ன, பல்லியா?"

"அசையாதீங்கன்னா அசையாதீங்க." அவள் ஓடிவந்து அவர் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். கையில் ஒரு ஷூவோடு அவர் கண்ணை மட்டும் உருட்டினார். மாடிக்கடைக்காரி போட்ட படத்தைக் கயிற்றிலிருந்து உருவி அவர் கன்னத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். காதுக்குப் பக்கத்தில் கறுப்பு நீலத்துக்குப் போகிற இடம், கண்ணுக்குக் கீழே செம்பழுப்பாக இறங்குகிற இடம், மூக்கின் மேல் ஒளி வந்து நிற்கிற இடம், ஒன்றுகூடத் தப்பவில்லை. பளபளப்புப் படத்தை எடுத்து வைத்துப் பார்த்தாள். நல்ல ஆள்தான். ஆனால் அவள் கட்டிக்கொண்ட ஆள் இல்லை.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள். அவள் அதையும் தாண்டிவிட்டாள். தினம் காலையில் எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கிற மனுஷனை விட்டுவிட்டு, அவர் எப்படி இருப்பார் என்று கம்ப்யூட்டரிடம் போய்க் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

கம்ப்யூட்டர் ஏன் பொய் சொல்லிற்று என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொள்ள வந்த ஒரு பெண் ஆறு படம் எடுத்தும் எதுவும் பிடிக்கவில்லை, கறுப்பாக இருக்கிறேன் என்று மூக்கால் அழுதாள். வரிசையில் இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். படக்காரி சும்மா திரையின் வெளிச்சத்தை ஒரு பொத்தானில் முழுக்கக் கூட்டிவிட்டாள். "இப்ப பாருங்க." "ஐயோ, இது சூப்பர்!" அன்றிலிருந்து அதைக் குறைக்கவே இல்லை. வருகிறவர்களெல்லாம் முதல் படத்திலேயே திருப்தியாகிப் போனார்கள். திரையும் வெளுத்துக் காட்டிற்று, லேபும் வெளுத்துக் கொடுத்தது. இரண்டு பொய்யர்கள் ஒரே பொய்யைச் சொன்னால் சாட்சிக்குக் குறைவேது?

அவள் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். லேப்காரர்களைத் திட்டின திட்டெல்லாம் ஞாபகம் வந்தது. சக்கரம் தன்னைப் பார்த்துச் சொன்னது வேறு ஞாபகம் வந்தது. லேப் அடித்த வெள்ளையைப் பரவாயில்லை என்று ஒப்புக்கொண்டது அவள் கண், அந்தக் கண்ணைக் கெடுத்தது அவள் விரல். கண் கலங்கிவிட்டது.

கணவருக்கு விஷயம் புரிய இரண்டு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் ரொம்பப் பெரிய மனுஷனாட்டம் தலையை ஆட்டினார்.

"அப்ப நாலு வருஷமா நீ என்னைப் பாக்கவே இல்ல."

"தினமும் பாக்கறேனே!"

"என்னைப் பாத்த, அவனை நம்பின," என்று ஷூவால் கம்ப்யூட்டரைக் காட்டினார். "அதான் எனக்கு டீ ஆறிப்போய் வருது."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எழுந்துபோய்த் திரையின் வெளிச்சத்தைக் குறைத்தாள். குறைத்துக்கொண்டே போய், கயிற்றுக்காரரும் பெஞ்சுக்காரரும் திரைக்காரரும் ஒரே ஆளாகிற இடத்தில் நிறுத்தினாள். அங்கே நிறுத்தினபோது திரை பாதி வெளிச்சம்கூட இல்லை.

டைக்காரருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டாள். மனுஷர் தங்கமான மனுஷர். "அதனாலென்ன மேடம், உங்க வேலைக்கு எது சரியோ அதுதான்," என்றார். "ஆனா சாரோட படத்தைத் திருப்பிக் கேக்காதீங்க. கிளியை யாரும் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல இப்ப." மாடிக்கடை அம்மாளிடம் போய் நின்றபோது அந்த அம்மாள் நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "என்ன காகிதம்?" என்று மட்டும் கேட்டாள். படக்காரிக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிரிண்டர் வந்தது. நாலு பேர் தூக்க வேண்டியிருந்தது. முன்னறையில் முக்காலியையும் வெள்ளைத் திரையையும் நகர்த்தி, பெஞ்சை அடுத்த அறைக்கு அனுப்பி, ஒருவழியாக உட்காரவைத்தார்கள். முதல் தாளைக் கொழுந்தன்தான் போடுவேன் என்று அடம்பிடித்தான். போட்டான். சக்கரத்தின் முகம் பாதிவரை வந்ததும் மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். மை எல்லாம் ஊறிப் பரவி, மழையில் நனைந்த சுவரொட்டிபோல் ஒரு சேற்று உருவம் வந்துகொண்டிருந்தது.

"போச்சு! சேமிப்பெல்லாம் போச்சு!" என்று படக்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கணவர் அந்தத் தாளை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எது நின்றாலும் முதலில் எளிய காரணத்தைத்தான் தேடத் தோன்றும். "ஏண்டா, இதுல எந்தப் பக்கம் முன்பக்கம்?"

கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை. அந்தக் காகிதத்தில் ஒரு பக்கத்துக்குத்தான் மை பிடிக்கிற பூச்சு உண்டு. ஆறு மணி நேர வீடியோவில் அதை ஒருவரும் சொல்லவில்லையாம். ஈர விரலால் தாளின் மூலையைத் தொட்டு, ஒட்டுகிற பக்கம்தான் பூச்சுப் பக்கம் என்று கண்டுபிடித்து, சரியாகத் திருப்பிப் போட்டார்கள். இரண்டாவது தாளில் சேறு இல்லை, சக்கரம்தான் வந்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் படத்தை அட்டைகளுக்கு நடுவே வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு படக்காரி பணிமனைக்குப் போனாள். கணவர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டாள். டயர் கொட்டகையின் வாசலில் சக்கரம் ஒரு பெரிய டயரை உருட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக வேலையை விட்டுவிட்டு வந்தார்கள், நடத்துநர்கள் வந்தார்கள், பேருந்து கழுவுகிற அம்மா ஈரக் கையோடு வந்தாள். படக்காரி அட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். உயர்நிலைப் பள்ளியில் பரீட்சை முடிவு பார்க்கப் போனபோதுகூட இப்படிப் பயந்ததில்லை.

"அண்ணே, கொண்டாந்திருக்கேன்."

சக்கரம் டயரைச் சாய்த்து வைத்தார். இடுப்புத் துணியில் கையைத் துடைத்தார். அது போதாதென்று குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். அவ்வளவு நேரமும் எல்லாரும் காத்திருந்தார்கள். அட்டையைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள்.

படத்தில் அவருக்குப் பின்னால் டயர்கள் அடுக்கடுக்காகக் கறுத்து நின்றன. டயர்களின் கறுப்பு ஒன்று, கொட்டகை நிழலின் கறுப்பு ஒன்று. அந்த இரண்டுக்கும் முன்னால், அவற்றோடு சேராமல், தன் சொந்தக் கறுப்பில் அவர் நின்றார். நெற்றியில் வேர்வை மின்னியது. புருவத்துக்கு மேல் இருந்த பழைய தழும்புகூடத் தெரிந்தது.

சக்கரம் படத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். ஒரு மெக்கானிக் எட்டிப்பார்த்தான்.

"கொஞ்சம் தள்ளு. வெளிச்சத்தை மறைக்காதே," என்றார்.

எல்லாரும் விலகினார்கள். சக்கரம் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, முன்கையைப் படத்தில் இருந்த கைக்குப் பக்கத்தில் வைத்தார். அதைப் பார்த்தார், இதைப் பார்த்தார். கையை எடுக்காமலே வெகுநேரம் பார்த்தார். படக்காரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தாள்; ஒன்றும் தோன்றவில்லை.

"தங்கச்சி."

"சொல்லுங்கண்ணே."

"ஐம்பத்தஞ்சு வருஷம் ஆச்சு," என்றார். "நான் நல்லாத்தான் இருக்கேன், இல்ல?"

படக்காரி தலையை ஆட்டினாள். பதிலைப் பேருந்து கழுவுகிற அம்மாதான் சொன்னாள்: "நீ எப்பவுமே நல்லாத்தான் இருந்த. எங்களைக் கேட்டியா நீ?"

கொட்டகையே சிரித்தது. சக்கரமும் சிரித்தார். படத்தை அட்டைக்குள் பதமாக வைத்து மூடி, இரண்டு கையாலும் படக்காரியிடம் நீட்டினார்.

"இதை ஓரத்துல எங்கயும் மாட்டிடாதீங்க, சொல்லிட்டேன்," என்றார். "நட்ட நடுவுல மாட்டுங்க."